எந்த வில்லுக்கு இந்த அம்பு?

வில்லை விட்டுப் புறப்படுற அம்பு நேராகப் போறதில்லை. ஆற்றில ஓடுற மீன் மாதிரி இடமும் வலமுமாக நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகுது. கண்ணுக்கு எட்டாத வேகம் எண்டபடியால் எங்களுக்கு அது நேராகத் தெரியுது. இதைவிடப் பெரிய புதினம் என்னவெண்டால், அந்த நெளிவு இல்லாவிட்டால் அம்பு குறிக்குப் போகாது. வளையத் தெரியாத அம்பு வழிமாறிப் போகும். அளவுக்கு மிஞ்சி வளையிற அம்பும் வழிமாறிப் போகும். எவ்வளவு வளைய வேணும் எண்டதை அதை விடப்போற வில்லுத்தான் தீர்மானிக்குது.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். நாங்கள் நாலு பேர். கிழக்கில படிக்கிறம், மூன்றாம் வருசம். பொருள்சார் பண்பாடு எண்டொரு பாடத்துக்கு, இலங்கை வேடர் சமூகங்களின் பாவனைப் பொருட்களைப் பற்றி ஒப்படை எழுத வேண்டி வந்தது. ஒரு அட்டவணை தந்திருந்தார்கள். பொருளின் பெயர், செய்த மூலப்பொருள், நீளம், நிறை, பயன்பாடு எண்டு ஐந்து நிரல்கள். அதில வில்லு 7ஆம் இலக்கம், அம்பு 8ஆம் இலக்கம். நிரப்பிக் குடுத்தால் வேலை முடிஞ்சுது. ஆனால் 7ஐயும் 8ஐயும் தனித்தனியாக நிரப்ப எங்களால முடியேல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில அந்த நெளிவைப் பார்ப்பம். வலக்கையால் நாணை இழுக்கிற ஒருவர் வில்லை இடக்கையில பிடிப்பார். அம்பு வில்லின் இடப்பக்கத்தில கிடக்கும். நாண் வில்லின் நடுக்கோட்டை நோக்கித்தான் பாயும். ஆனால் அந்த நடுக்கோட்டில வில்லின் மரம் நிற்குதே! அம்பு மரத்துக்குள்ளால போக ஏலாது, பக்கத்தாலதான் போக வேணும். அப்ப நாண் தள்ளுற திசையும் அம்பு கிடக்கிற திசையும் ஒண்டில்லை. அதோடு, விரலை விடுற நேரம் நாண் விரல் நுனியில உருண்டு கொஞ்சம் பக்கவாட்டில விலகும். பின்னால இருந்து நாண் முழுப் பலத்தோடயும் தள்ள, முன்னால இருக்கிற முனை தன்ர பாரத்தால உடன அசைய மாட்டன் எண்டு நிற்க, நடுவில தண்டு வளையும். முதலில வில்லின் பக்கமாக வளையும். பிறகு நிமிர்ந்து எதிர்ப்பக்கமாக வளைஞ்சு வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறும். மூன்றாவது நெளிவில வால் இறகு வில்லில முட்டாமல் விலகிப் போகும். அதற்குப் பிறகு நெளிவு மெல்ல மெல்ல அடங்கி, அம்பு நீங்கள் குறிவைத்த இடத்துக்குப் போகும்.

இதற்கு ஆங்கிலத்தில 'ஆச்சர்ஸ் பரடொக்ஸ்' எண்டு பெயர். வில்லாளியின் முரண்புதிர் எண்டு சொல்லலாம். வில்லாளிகளுக்கு இதன் விளைவு எப்பவோ தெரியும். ஆனால் உள்ளுக்குள்ள என்ன நடக்குது எண்டதைக் கண்ணால கண்டது மிகப் பிந்தித்தான். 1930களில அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஹிக்மன் எண்ட இயற்பியலாளர் அதிவேகக் கமராவால அம்பு வில்லைக் கடக்கிறதைப் படம் பிடித்தார். பாம்பு மாதிரி அம்பு வளைஞ்சு போறது அப்பதான் துலக்கமாகத் தெரிஞ்சது. படத்துக்கு முந்தின காலம் முழுக்க இந்த அறிவு ஆட்களின் கையிலதான் இருந்திருக்கு. தடியைத் தொட்டு, வளைத்து, விட்டுப் பார்த்து, அடுத்த தடியைத் தெரிவு செய்யிற கைகளில.

இப்ப பொருத்தத்துக்கு வருவம். தண்டு மிஞ்சின விறைப்பாக இருந்தால் வில்லைச் சுற்றி வளையாது. வில்லில இடிச்சுக்கொண்டு இடப்பக்கம் விலகும். விறைப்புக் காணாவிட்டால் கூடுதலாக வளைஞ்சு வலப்பக்கம் போகும். இடக்கைக்காரருக்கு இதை மாறிப் படியுங்கோ. பலமான வில்லுக்கு மெல்லிய தண்டை வைத்தால் நாண் தள்ளுற பலத்தில தண்டு முறியவும் கூடும். முறிஞ்ச சிராம்பு வில்லைப் பிடிச்ச கையிலதான் ஏறும். ஆகவே இது குறி தவறுற பிரச்சினை மட்டுமில்லை.

விறைப்பை எப்படி அளக்கிறது? பெரிய கருவி ஒண்டும் தேவையில்லை. மரத்தண்டுகளுக்கு எண்டு பழைய முறை ஒண்டு இருக்கு. 26 அங்குல இடைவெளியில இரண்டு தாங்கிகள். மேல தண்டைக் கிடத்தி, சரி நடுவில 2 இறாத்தல் பாரத்தைத் தொங்கவிட வேணும். தண்டு எத்தனை அங்குலம் கீழ வளையுது எண்டு பார்த்து, 26ஐ அந்த எண்ணால பிரிக்க வேணும். வாற விடை இறாத்தலில. அரை அங்குலம் வளைஞ்சால் 52. கிட்டத்தட்ட 50 இறாத்தல் இழுவை உள்ள வில்லுக்கு அந்தத் தண்டு பொருந்தும் எண்டு கருத்து.

நாங்கள் போடிங்கில இருந்த இரண்டு கதிரைகளை 66 சென்ரிமீற்றர் இடைவெளியில வைத்தோம். 2 இறாத்தல் எண்டால் 907 கிராம். ஒரு பிளாஸ்ரிக் போத்தலைப் பலசரக்குக் கடைத் தராசில வைத்து, 907 வரும்வரை தண்ணி ஊத்தினோம். கடைக்கார அண்ணன் "என்ன பிள்ளையள், பச்சைத்தண்ணியும் நிறுத்தோ விக்கப் போறியள்?" எண்டு கேட்டார். போத்தலின் கழுத்தில நூலைக் கட்டி, அடிமட்டத்தைப் பக்கத்தில பிடித்தால் ஆய்வுகூடம் தயார். மில்லிமீற்றரில அளந்தால் 660ஐ வளைவால பிரிக்க வேணும். ஓ.எல். கணக்கோட விட்டுட்டு வந்த ஆட்களுக்கு இது காணும்.

வில்லின் இழுவையையும் அளக்க வேணும். எங்களிட்ட இருந்தது சுற்றுலாப் பயணிகளுக்கு எண்டு வீதியோரக் கடையில விற்கிற வில்லு ஒண்டும் மூன்று அம்பும். சுவரில மாட்டி வைக்கச் செய்தது. மீன்காரரிட்ட இரவல் வாங்கின தொங்கு தராசின் கொளுக்கியை நாணில மாட்டி இழுத்தோம். நாண் வில்லில இருந்து 26 அங்குலம் வந்தபோது தராசு 11 கிலோ காட்டியது. இறாத்தலில 24.

26 அங்குலத்தில ஏன் நிற்பாட்டினோம் எண்டால், எங்களில ஒருத்தியின்ர கைக்கு அவ்வளவுதான் வரும். இரண்டு கையையும் விரித்து நின்று, ஒரு நடுவிரல் நுனியில இருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளந்து, அதை 2.5ஆல பிரித்தால் அவருடைய இழுப்பு நீளம் ஏறத்தாழ வரும். அவளுக்கு 65 அங்குலம், பிரித்தால் 26. எங்களில நெட்டையான பெடியனுக்கு 70, பிரித்தால் 28. அவன் அதே வில்லை 28 வரை இழுத்தபோது தராசு 12 கிலோ காட்டியது. அதாவது ஒரே வில்லு, இரண்டு பேர் கையில இரண்டு வில்லு. அவளுக்கு அளவாக வெட்டின அம்பை அவன் முழுக்க இழுத்தால் முனை வில்லுக்கு உள்ளுக்கு வந்து கையில விழும். இரும்பு அலகு பூட்டின வேட்டை அம்பு எண்டால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதனாலதான் அம்பு இழுப்பு நீளத்தைவிட ஓர் அங்குலமாவது கூட இருக்க வேணும் எண்டு சொல்லுகினம்.

கடை அம்புகளைக் கதிரையில கிடத்தினோம். தண்டைச் சுற்றி நூல் கட்டி, நூலின் நீளத்தை அளந்து பார்த்ததில விட்டம் 10 மில்லிமீற்றர். போத்தலைத் தொங்கவிட, வளைவு வெறும் 8 மில்லிமீற்றர். 660ஐ 8ஆல பிரித்தால் 82 இறாத்தல். வில்லு 24, அம்பு 82! அழகான இறகு, அழகான வண்ணம், கையில பிடிக்க வடிவான பாரம். ஆனால் அந்த வில்லுக்கும் இந்த அம்புக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

போடிங்கின் பின்பக்கம், உரப்பையில பழைய உடுப்பும் வைக்கலும் அடைஞ்சு, 10 மீற்றரில வைத்து விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் வில்லில 'டக்' எண்டு வால் இடிக்கிற சத்தம். ஒவ்வொரு முறையும் பையின் நடுவில இருந்து ஒரு முழம் இடப்பக்கம். கணக்கு என்ன சொன்னதோ அதைத்தான் அம்பும் சொன்னது. வீட்டுக்கார அன்ரி குசினி யன்னலைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்து "பெடியள், பூனை அங்கால நிக்குது, கவனம்" எண்டா. பூனையைத் தூக்கி வீட்டுக்குள்ள விட்ட பிறகுதான் அடுத்த அம்பு.

பிறகு ஒரு தண்டை எடுத்துக் கத்தியாலயும் உடைஞ்ச கண்ணாடித் துண்டாலயும் சீவத் தொடங்கினோம். இங்கதான் எங்களை வியக்க வைத்த கணக்கு இருக்கு. உருண்டைத் தடியின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 10 மில்லிமீற்றரை 9 ஆக்கினால், குறைஞ்சது பத்தில ஒரு பங்கு தடிப்புத்தான். ஆனால் விறைப்பில மூன்றில ஒரு பங்கு போயிடும். இரண்டு நாள் பின்னேரம் சீவி 7.5க்குக் கொண்டுவந்தபோது, அதே போத்தலுக்குத் தண்டு 25 மில்லிமீற்றர் வளைஞ்சது. 660ஐ 25ஆல பிரித்தால் 26 இறாத்தல். வில்லுக்குக் கிட்ட வந்திட்டுது. விட்டுப் பார்த்தோம். சத்தம் இல்லை. பையின் நடுவில இருந்து ஒரு சாணுக்குள்ள அம்பு நின்றது. எங்களில ஒருவருக்கும் குறிபார்க்கத் தெரியாது. அந்த ஒரு முழத்தை ஒரு சாணாக்கினது முழுக்க அந்தத் தண்டுதான்.

சீவுறது மட்டும்தான் வழி எண்டில்லை. தண்டை நீளமாக விட்டால் கூட வளையும். நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப வளைவு கூடும். 28 அங்குலத் தண்டை 30 ஆக வைத்தால், இரண்டு முனையிலயும் தாங்கி நடுவில ஒரே பாரத்தைத் தொங்கவிடுறபோது வளைவு ஏறத்தாழ 23 வீதம் கூடும். முனையில பாரம் கூட்டினாலும் விடுற நேரம் தண்டு கூட வளையும், ஏனெண்டால் முன்பக்கம் அசைய மறுக்கிற பாரம் கூடுது. அதனால முனை கனமாக ஆக, தண்டு விறைப்பாக வேணும். இண்டைக்குக் கடைகளில விற்கிற காபன் அம்புகளில 300, 400, 500 எண்டு இலக்கம் போட்டிருக்கும். அதுவும் இதே வளைவுக் கணக்குத்தான். 28 அங்குல இடைவெளியில 1.94 இறாத்தலுக்கு எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளையுது எண்டது. 500 எண்டால் அரை அங்குலம். இலக்கம் சின்னனாக ஆக, அம்பு விறைப்புக் கூடினது. கதிரையும் போத்தலும் தொழிற்சாலைக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்.

எங்களில ஒருத்திக்கு வாகரைப் பக்கம் சொந்த ஊர். அந்தக் கரையோரத்தில, மூதூர், வெருகல் வரைக்கும், தமிழ் பேசுற வேடர் சமூகங்கள் இருக்கிறது பலருக்குத் தெரியாது. வேடர் எண்டால் சிங்களப் பக்கத்துக் காட்டுக்குள்ள மட்டும்தான் எண்ட நினைப்பு எங்கட வகுப்பிலயும் இருந்தது. அவளின்ர மூத்தப்பா தன்னை வேடன் எண்டு சொல்லுறவர். அவரிட்ட சீவின அம்பையும் சீவாத அம்பையும் கொண்டு போனோம். கையில வாங்கினதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது எந்த வில்லுக்கு மனே?"

நீளம் எவ்வளவு எண்டு கேட்கேல்லை. என்ன மரம் எண்டு கேட்கேல்லை. சுவரில மாட்டிற வில்லு எண்டு சொல்ல, சிரிச்சார். சீவின தண்டை இரண்டு கையாலயும் பிடிச்சு, நடுவில பெருவிரலை வைத்து மெல்ல அமத்தினார். பிறகு தண்டைக் கொஞ்சம் உருட்டித் திரும்ப அமத்தினார். திரும்ப உருட்டினார். "இந்தப் பக்கம் உரம். இந்தப் பக்கம் இளக்கம். ரெண்டையும் பார்த்து வெக்கோணும், புள்ள" எண்டார். போடிங்குக்கு வந்து போத்தலைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். மரத்தின் நார் ஓடுற திசையைப் பொறுத்து வளைவு 2 மில்லிமீற்றர் வேறுபட்டது. ஒரே வில்லுக்கு எண்டு செய்யிற எல்லா அம்பிலயும் உரமான பக்கம் ஒரே திசையில இருக்கிற மாதிரி நாண் பதியிற வெட்டைப் போட வேணும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அம்பும் ஒவ்வொரு பக்கம் போகும். அடிமட்டமும் போத்தலும் வைத்து நாங்கள் எடுத்த 2 மில்லிமீற்றரை அவர் பெருவிரலால எடுத்திருந்தார்.

அவரிட்ட இப்ப வில்லு இல்லை. 2006 கடைசியில வாகரைச் சனம் இடம்பெயர்ந்தபோது வீட்டோட போனது. "பிறகு செய்யேல்லையோ மூத்தப்பா?" எண்டு கேட்டோம். "செஞ்சி எதுக்கு விர்ற?" எண்டார். அதற்குமேல அவர் ஒண்டும் சொல்லேல்லை, நாங்களும் கேட்கேல்லை. தேத்தண்ணி வந்தது, குடிச்சோம்.

அம்பைப் பற்றின பழைய கதை ஒண்டு இதோட சேர்த்து யோசிக்க வேண்டியது. 1660இல் கொட்டியாரத்தில, அதாவது இண்டைய மூதூர்ப் பக்கத்தில, பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ், 19 வருசம் கண்டி இராச்சியத்தில சிறைப்பட்டிருந்து தப்பிப்போய், 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில வேடர் அம்பு செய்விக்கிற முறையைச் சொல்லுறார். இரவில வந்து கொல்லனின் பட்டறையில இறைச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். பக்கத்தில, தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில வெட்டின ஓர் இலையையும் தொங்கவிடுவார்களாம். கொல்லன் அந்த வடிவத்திலயே செய்து அதே இடத்தில வைத்தால், பிறகும் இறைச்சி கொண்டுவந்து குடுப்பார்களாம். செய்யாவிட்டால் ஒருநாள் இரவு அம்புதான் வரும் எண்டும் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையைப் பாடப்புத்தகத் தனமாக 'மௌன வர்த்தகம்' எண்டு படிச்சுவிட்டுப் போகலாம். போத்தலைத் தொங்கவிட்ட பிறகு படிக்க எங்களுக்கு வேறொண்டு தெரிஞ்சது. "அம்பு வேணும்" எண்டு கேட்கிறதுக்கு இலை தேவையில்லை, இறைச்சி மட்டும் காணும். இலை வெட்டித் தொங்கவிடுறவர் "இந்த அளவுக்குத்தான் வேணும்" எண்டு சொல்லுறார். முனை பெருத்தால் பாரம் கூடும், பாரம் கூடினால் தண்டு மாறும், தண்டு மாறினால் வில்லோட ஒத்துப்போகாது. அந்த இலை கொல்லனுக்கு எழுதின கடிதம். எழுத்தறியாத மக்கள் எண்டு சொல்லப்பட்ட ஆட்கள் எழுதினது. இது எங்கட வாசிப்பு. நொக்ஸ் இப்படி விளக்கேல்லை.

வேட்டையில இந்தப் பொருத்தம் ஏன் உயிர் போற விசயம் எண்டதையும் சொல்ல வேணும். துவக்குக் குண்டு மாதிரி அடியின் அதிர்ச்சியால அம்பு கொல்லுறதில்லை. கூரான அலகு உள்ளுக்குப் போய் வெட்டி, இரத்தம் போய்த்தான் மிருகம் விழும். அதற்கு அம்பு நேராகப் பதிய வேணும். பொருத்தமில்லாத அம்பு வாலை ஆட்டிக்கொண்டு சரிவாகப் பட்டால், வேகத்தில பெரும்பகுதி தண்டை ஆட்டுறதிலயே வீணாகும். மான் விழாது. காயத்தோட ஓடும். எங்கயோ ஒரு பற்றைக்குள்ள நாள்கணக்கில கிடந்து சாகும். வேட்டைக்காரனுக்கும் பிரயோசனமில்லை. அதனாலதான் வில்லால வேட்டையாடுறவர்களின் திறமையில முக்கால்வாசி மிருகத்துக்குக் கிட்டப் போறதும் அம்பைத் தெரிவு செய்யிறதும். எட்ட நின்று விடுற வீரமெல்லாம் கூத்தில வாற அருச்சுனனுக்கு.

இங்கதான் எங்கட ஒப்படைக் குழு இரண்டாகப் பிரிஞ்சது. இலங்கையில வனவிலங்கு வேட்டையை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துது. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, அந்தக் காட்டில வேட்டையாடித் தேன் எடுத்து வாழ்ந்த வேடர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தம்பானையின் தலைவராக இருந்த ஊருவரிகே திசாஹாமி வெளியேற மறுத்தார். 1998இல் அவர் இறக்கும்வரை அந்தக் காட்டுரிமையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டே இருந்தார்.

எங்களில ஒருத்தி மச்சம் சாப்பிடாதவள். "உடும்புக்கு உங்கட பண்பாடு விளங்குமோ?" எண்டு கேட்டாள். அதற்கு எங்களிட்ட நல்ல பதில் இல்லை. மலையகத்தில இருந்து வந்த தோழன் சொன்னான்: "மானைக் காப்பாத்துறேன்னு வந்தவங்க, மானோட இருநூறு தலைமுறை இருந்தவன வெளிய போடாங்குறாங்க. காட்ட வெட்டி அணை கட்டுனவன யாரும் கேக்கல." அதற்கும் எதிர்ப்பதில் இல்லை. மகாவலித் திட்டத்துக்கு எவ்வளவு காடு போனது எண்டதைப் படிச்ச ஆட்கள் நாங்கள். கண்ணியும், கட்டுத்துவக்கும், மிருகம் கடிச்சால் வெடிக்கிற வெடியும் வைக்கிறவர்கள் இண்டைக்கும் எங்கட கிராமங்களைச் சுற்றி இருக்கினம் எண்டதையும் அறிவம். இரண்டு இரவு வாதாடினோம். வேட்டை அனுமதி வேணுமா வேண்டாமா எண்டதில நாங்கள் நாலு பேரும் ஒரு முடிவுக்கு வரேல்லை. வந்த மாதிரி எழுதவும் விருப்பமில்லை.

ஆனால் ஒரு விசயத்தில நாலு பேரும் ஒத்துப்போனோம். வில்லும் அம்பும் 'பாதுகாக்கப்பட்ட மரபு' எண்டு நூதனசாலைக் கண்ணாடிக்குள்ள இருக்கலாம், கடையில தொங்கலாம், விழாவில தோளில ஏறலாம். அந்தப் பொருத்தம் அங்க இருக்காது. அது வில்லுக்குள்ளயும் இல்லை, அம்புக்குள்ளயும் இல்லை. இரண்டுக்கும் இடையில, ஒருவரின் கை நீளத்தோட சேர்ந்து இருக்கு. அது விட்டுப் பார்த்துத் திருத்தி, திரும்ப விட்டுப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். விடுறதுக்கு இடமே இல்லாமல் போனால், மூத்தப்பாவின் பெருவிரலோட அது முடியும். பொருள் மிஞ்சும், உறவு போயிடும். மிருகத்தை நோக்கி விட வேணும் எண்டுகூட இல்லை; எங்கட வைக்கல் பைக்கும் அது தெரிஞ்சது. ஆனால் யாரோ ஒருவர் விட வேணும்.

ஆகவே ஒப்படையில 7ஆம் 8ஆம் இலக்கங்களுக்கு இடையில இருந்த கோட்டை அழிச்சுவிட்டு, இரண்டையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டோம். நிரல்களையும் கூட்டினோம். வில்லு எத்தனை அங்குல இழுப்பில எத்தனை கிலோ, இழுத்தவரின் கை விரிப்பு எவ்வளவு, தண்டின் விட்டமும் நீளமும், 907 கிராமுக்கு எத்தனை மில்லிமீற்றர் வளையுது, உரமான பக்கம் எது, முனையின் பாரம் எவ்வளவு. விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "வகைப்படுத்தல் முறையை மீறியிருக்கிறீர்கள்" எண்டு சிவப்பு மையில எழுதினார். கீழ, அதே சிவப்பு மையில, "இந்த நிரல்களை அடுத்த வருசப் பிள்ளைகளுக்கும் குடுக்கலாமா?" எண்டு கேட்டிருந்தார்.

உங்கட ஊரில, உங்கட அப்பப்பா அம்மம்மா வீட்டுப் பரணில, பழைய வில்லு ஒண்டோ அம்பு ஒண்டோ கிடந்தால், படம் எடுத்துப் போடுறதுக்கு முதல் இரண்டு கதிரையையும் ஒரு தண்ணிப் போத்தலையும் எடுங்கோ. உழுத்துப்போன தண்டு எண்டால் பாரம் தொங்கவிடாமல் விட்டமும் நீளமும் மட்டும் எடுத்தாலும் காணும். வீட்டில ஆர் அதைப் பாவிச்சது, அவர் நெட்டையோ கட்டையோ, எந்தக் கையால இழுத்தவர் எண்டு கேட்டுக் கொப்பியில எழுதுங்கோ. அதைச் சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிற காலத்திலயே கேளுங்கோ.